பரீட்சைக்கு ஒதுக்கிய குரல்கள்

இயந்திரத்துக்குப் பாடம் சொல்லித்தரும் வேலையை வாரக்கணக்கில் பிரித்துத் தரச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாலம் கட்டுகிறவரிடம் எந்தத் தூண் எப்போது எழும்பும் என்று கேட்கலாம். கற்றுக்கொள்கிற ஒன்றிடம் 'வியாழக்கிழமைக்குள் புரிந்துகொள்' என்று சொல்ல முடியுமா? ஆனாலும் திட்டம் போடுவதுதான் என் பிழைப்பு. அலுவலகச் சுவர் முழுக்க மஞ்சள் சீட்டுகள் ஒட்டியிருந்தேன்: குரல் சேகரிப்பு, பயிற்சி, பரீட்சை என்று.

நாங்கள் செய்தது ஒரு செயலி. பக்கவாதத்தில் பேச்சு குழறிப்போனவர்கள் போனில் பேசினால், அது தெளிவான குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். என் அண்ணனுக்கும் அதே கதிதான். அவர் பேசுவது அண்ணிக்கே பாதி விளங்காது. அதனால்தான் இந்த வேலையைக் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன்.

பயிற்சி கொடுப்பவனை நாங்கள் 'அவசரம்' என்போம். ஒரு டீ குடிக்க அரைமணி எடுக்கிறவன். ஒரு காலை அவனே ஓடி வந்தான்.

"அக்கா, பத்துக்கு ஒன்பது சரியாச் சொல்லுது."

மேனேஜர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"குரல் பதிவுகளை எப்படிப் பிரிச்சே?"

"எல்லாத்தையும் கலைச்சுப் போட்டு, கொஞ்சத்தைப் பரீட்சைக்கு எடுத்து வெச்சேன்."

"அப்போ ஒரே ஆளோட பேச்சு பயிற்சியிலயும் இருக்கு, பரீட்சையிலயும் இருக்கு. அப்படித்தானே?"

அவன் முகம் தொங்கிப்போனது. இயந்திரம் பழகிய குரல்களையே மறுபடி கேட்டு மார்க் வாங்கியிருந்தது. அது முன்பின் கேட்காத ஒருவர் பேசினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பயிற்சி, பரீட்சை என்ற இரண்டு சீட்டுகளையும் சுவரிலிருந்து பிய்த்தேன். இனி ஆள் ஆளாகத்தான் பிரிக்க வேண்டும், பரீட்சைக்கு ஒதுக்கியவரின் ஒரு இருமல்கூடப் பயிற்சிக்குப் போகக் கூடாது என்றேன்.

"கைக்கு வந்ததை ஏம்மா கெடுக்கறே?" என்றார் மேனேஜர். "புது ஆள் பேசி அதுக்குப் புரியலைன்னா மூட்டை கட்டிடுவோம். சொல்லிட்டேன்."

புதிதாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்ததும் மதிப்பெண் தரைக்கு வந்தது. பிறகு நொண்டி நொண்டி ஏறியது. குழறலுக்குள்ளிருந்து அது எதைப் பிடித்து ஏறுகிறது என்று அவசரத்துக்கே தெரியவில்லை. கோபக்காரி நான், தினமும் முதல் ஆளாக வந்து மதிப்பெண்ணைப் பார்த்தேன்.

கடைசிப் பரீட்சைக்கு அண்ணனை வரவழைத்தேன். அவர் குரலை அதுவரை பதியவே விட்டதில்லை. அண்ணி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். போனை அண்ணன் முன்னால் வைத்து, வாசிக்க ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். அண்ணன் அதைச் சீந்தவில்லை. அண்ணியைப் பார்த்து ஏதோ குழறினார். எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. அண்ணி குனிந்து அவர் முதுகுக்குத் தலையணையைச் சரிசெய்தார்.

போன் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னது: "இவ காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. முதல்ல இவளுக்கு ஏதாவது குடுங்க."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கூடவே ஒரு பயம். பிடிபடாததை இயந்திரம் தானாகக் கோத்தும் சொல்லும்.

"நெசமா அண்ணி?"

"கிளம்புற பரபரப்புல சாப்பிடல," என்றார் அண்ணி. தலையணையிலிருந்து கையை எடுத்தார். "தினமும் என்னைப் பார்த்து இப்படித்தான் எதையோ சொல்லுவாரு. தண்ணி கேக்கறாருன்னு ஓடுவேன். இத்தனை நாளும் இதைத்தான் சொல்லிட்டிருந்தாரா?"

அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினார்.