மூன்றாவது பாட்டின் கோரஸ்

பங்க் இசை எங்கே என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கேட்டுப் பாருங்கள், பெட்ரோல் போடும் இடத்துக்குக் கை காட்டிவிடுவார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. சுருதி போனால் போகட்டும், வயிற்றெரிச்சலைக் கத்தித் தீர்த்தால் போதும் என்று ஓர் இசை இருப்பதும், அதைச் சாலவாக்கத்துப் பக்கத்திலேயே மூன்று பேர் வாசித்ததும் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. 'த்ரீ பேஸ்' என்று குழுவுக்குப் பெயர். கிட்டார் வேதகிரி, டிரம்ஸ் சாமுவேல், பாடுகிறவள் தேவயானி. கல்லூரி முடித்த கையோடு, வேதகிரி வீட்டுக் கழனியை ஒட்டிய களத்துமேட்டுக் கொட்டகையில், உத்திரத்தில் போனைக் கட்டித் தொங்கவிட்டுப் பாட்டுகளைப் பதிந்து இணையத்தில் ஏற்றினார்கள். அதுதான் முதல் ரெக்கார்ட்.

கேட்டவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா? 'இது பாட்டா, போர்வெல் போடுற சத்தமா' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'பக்கத்து வீட்டுக்காரரைப் பழிவாங்க உகந்தது' என்று இன்னொருவர். இதெல்லாம் தேவயானிக்கு உறைக்கவில்லை. பங்க் பாடுகிறவளுக்குத் திட்டு பழகிய சோறு. உறுத்தியது ஒரு பாராட்டுதான். வெளியூர் நர்ஸ் ஒருத்தி எழுதியிருந்தாள்: 'மூணாவது பாட்டுல கிட்டார் திடீர்னு நின்னு போகுது. அந்தப் பொண்ணு தனியா பாடுது, குரல் உடையுது. அப்போ எங்கிருந்தோ ஒரு கூட்டம் வந்து அவளோட சேர்ந்துக்குது. டூட்டி முடிஞ்சு பஸ்ல அதைக் கேட்டுக்கிட்டுத்தான் வீடு வந்து சேர்றேன். யார் அந்தக் கோரஸ்?'

வருஷக்கணக்கில் அந்தக் கேள்வி அங்கேயே கிடக்கிறது. தேவயானி பதில் போடவில்லை. என்னவென்று போடுவாள்? அது கோரஸ் இல்லை, என்னைக் கேலி செய்த கும்பல் என்றா?

அன்று அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வராத தெருக்குழாயைப் பற்றிய பாட்டு; 'எங்க தெரு கொயாயில காத்துதான் வருது' என்பது வரி. நடுவில் கிட்டார் நின்றது, பின்னாலேயே டிரம்ஸும் நின்றது. நிறுத்தத் தெரியாமல் அவள் ஒற்றையாய்ப் பாடிக்கொண்டே போக, கழனியில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அதே வரியைத் திருப்பிக் கத்தினார்கள். கடைசியில் கொல்லென்று சிரிப்பு. மானம் போனது என்று வீட்டுக்கு ஓடியவள்தான், அப்புறம் அந்தக் களத்துமேட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவள் இல்லாமலே பசங்கள் ரெண்டு பேரும் அந்தப் பதிவை அப்படியே ஏற்றிவிட்டார்கள். அந்தப் பெண்களெல்லாம் அவள் தெருக்காரர்கள் வேறு. எதிரே வந்தால் குனிந்துகொண்டு போய்விடுவாள்.

இப்போது சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி அந்த ரெக்கார்டைச் சுத்தம் செய்து இசைத்தட்டாகப் போடுகிறது. காலையில் அங்கிருந்து ஆல்வின் கூப்பிட்டான். "மூணாவது பாட்டுல அந்த லேடீஸ் குரலை எடுக்கவா, விடவா? நீங்க எடுன்றீங்க, வேதகிரி எடுக்காதன்றார். இன்னிக்கு முடிவு சொல்லியாகணும். தட்டு போட்டுட்டா அப்புறம் மாத்த முடியாது."

அவமானத்தைத் தட்டில் அச்சடித்து ஊரெல்லாம் விற்பதா? தேவயானி வேதகிரியைப் பிடித்து விளாசினாள்.

"அவங்க இன்னாத்துக்குக் கத்தினாங்கன்னு நீ கேட்டியா?" என்றான் அவன். அப்புறம் என்னத்தையோ மென்று விழுங்கினான். "என்னக் கேக்காத. எங்க கழனிலதான் நடவு நடந்துக்கினு கீது. போயி அவங்களாண்டயே கேளு."

கோபத்தில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கழனிக்கே போய்விட்டாள். வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், அன்று கத்திய முனியம்மாள், பரிமளா, மேரி மூவரும். வீறாப்பாக வந்தவள் எடுத்த எடுப்பிலேயே போனில் மூன்றாவது பாட்டைப் போட்டாள்.

"தே, நம்ம சத்தம்டி இது" என்றாள் பரிமளா.

"அன்னிக்கு இன்னாத்துக்கு அத்தே என்ன அப்டி கிண்டல் பண்ணீங்க?"

முனியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "கிண்டலா? நடவுல ஒருத்தி பாட்டெடுத்தா மத்தவங்க வாங்கிப் பாடணும். பாடறவள பாதியில ஒண்டியா வுடக் கூடாதுடி. கூட இருந்த பசங்க ரெண்டும் உன்ன வுட்டுட்டுதுங்க. நாங்களும் வுட்டுட்றதா?"

"அதுவும் நம்ம தெரு கொயா" என்றாள் மேரி. "அதுக்கு நாம பாடாம யாரு பாடுவா?"

"அப்பறம் சிரிச்சீங்களே?"

"உன்னப் பாத்தா சிரிச்சோம்?" பரிமளாவுக்கு இப்போதும் அடக்க முடியவில்லை. "பக்கத்துக் கழனி மோட்டார் ஓட ஆரம்பிச்சுது. த்ரீ பேஸ் வந்துட்டுதுன்னு வேதகிரி தம்பி கிட்டார கடாசிட்டு மோட்டார் போட ஓடிச்சி. திரும்பி வரசொல்ல வரப்புல வழுக்கி சேத்துல வுழுந்துச்சி. ஆளு ஒரு பக்கம், லுங்கி ஒரு பக்கம்."

அதுதான் சங்கதி. வயலுக்கு எந்நேரமும் த்ரீ பேஸ் கரண்ட் இருப்பதில்லை. வந்தால் பயிர் வைத்தவன் தாலி கட்டுகிற கையை விட்டுவிட்டாவது மோட்டார் போட ஓடுவான். வேதகிரி பாதியில் ஓடியதைக்கூட தேவயானி மன்னிப்பாள். லுங்கி போன வெட்கத்தில் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தானே, அதற்குத்தான் அவனை உரிக்க வேண்டும்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வழியில் நின்றுபோனவளைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர்களைப் பார்த்தா இவ்வளவு நாள் தலை குனிந்தோம்! "எனக்குத் தெரியாம போச்சி அத்தே" என்றாள்.

"அதான் தெருவுல குனிஞ்சிக்கினே போனியா? கம்பெனி வேலைக்குப் போனதும் மேடத்துக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சின்னு பேசிக்கினு இருந்தோம்" என்றாள் பரிமளா.

தேவயானி அந்த நர்ஸ் எழுதியதைப் படித்துக் காட்டினாள்.

"யாரு பெத்த பொண்ணோ" என்றாள் முனியம்மாள். "வூட்டுக்குப் போனதும் சாப்ட்டுத் தூங்கச் சொல்லு."

"பாட்டு எப்டி கீது அத்தே? தட்டா போடப் போறாங்க. உங்க பேரையும் போடலாமா?"

"பாட்டா இது? தகரத்த இஸ்துக்கினு போறாப்பல கீது." முனியம்மாள் எழுந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "பேரு தாராளமா போடு. ஆனா ஒண்ணு, எங்க சத்தம் கம்மியா கீது."

அவர்கள் கழனியில் இறங்கினார்கள். தேவயானி வரப்பில் நின்றபடியே ஆல்வினைக் கூப்பிட்டாள்.

"எடுக்காதீங்க. அந்தக் குரலையெல்லாம் இன்னும் கொஞ்சம் ஏத்தி வைங்க. என் குரல் அடங்கினாலும் பரவாயில்ல."

அப்புறம் நர்ஸின் கேள்வியைத் தேடி எடுத்தாள். 'யார் அந்தக் கோரஸ்?' என்பதற்குக் கீழே முதல்முறையாக எழுதினாள்: 'முனியம்மாள், பரிமளா, மேரி. எங்க தெரு. உங்களைச் சாப்பிட்டுத் தூங்கச் சொன்னாங்க.'