கொலுக் கடலில் ஓர் ஓட்டை

“டிரில் மெஷினை பீரோவுல வச்சுப் பூட்டியாச்சு,” என்றாள் பிரதீபா.

“நான் ஓட்டை போடலைன்னு எத்தனை தடவை சொல்றது?” என்றார் அவள் கணவர் ராமானுஜம். புது மெஷின். இன்னும் சுவரில்கூட வைத்துப் பார்க்கவில்லை.

அன்று மாலை அணுபுரம் குடியிருப்பில் கொலுப் போட்டி. பிரதீபாவின் படிகளுக்கு முன்னால் கண்ணாடித் தொட்டியில் நிஜக் கடல்: மணல், உப்புத் தண்ணீர், உயிருள்ள மட்டிச் சிப்பிகள். கலங்கல் நீரை உறிஞ்சி, அதிலுள்ள தூசி தும்பைத் தின்று, தெளிவாக வெளியே விடும் மட்டிகள். பரிசுக்கு அவற்றைத்தான் நம்பியிருந்தாள். ஆனால் ஒவ்வொன்றாக வாய் பிளந்து செத்துக்கொண்டிருந்தன. ஓட்டில் அச்சடித்தாற்போல வட்டமாக ஓர் ஓட்டை. தண்ணீரும் கலங்க ஆரம்பித்திருந்தது.

மட்டி பிடித்துக் கொடுத்த சதுரங்கப்பட்டினத்து ரஞ்சிதா, புதிதாக ஒரு கை மட்டியோடு வந்து நின்றாள். செத்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“கரையில இந்த மாரி நெறைய கெடக்குது யக்கா. நூல்ல கோத்து மாட்டிக்குவோம். எவன் ஓட்ட போட்டான்னு யாரு கேட்டா?”

“கேட்டியா? கரைக்கும் நானா டிரில்லைத் தூக்கிட்டுப் போனேன்?” என்றார் ராமானுஜம் மனைவியிடம்.

“தினம் வாக்கிங் போறீங்களே.”

“சாரப் பாத்தா இவ்ளோ நேரா ஓட்ட போடுறவரு மாரி இல்லக்கா,” என்றாள் ரஞ்சிதா.

ராமானுஜம் முறைத்தபடி தொட்டிக்குள் கையை விட்டார். தூக்கிய மட்டியோடு மணலிலிருந்து வேறொன்றும் வந்தது. வழவழப்பான உருண்டைக் கூடு; அதிலிருந்து பிதுங்கிய சதை மட்டியை இறுக்கிப் பிடித்திருந்தது.

பிரதீபாவின் குரல் இறங்கியது. “இது... அழகா இருக்கேன்னு நான் பொறுக்கிட்டு வந்தது. காலிக் கூடுன்னு நினைச்சேன்.”

“மூடி போட்டுக்கினு உள்ள குந்தினு இருந்துகீது.”

ராமானுஜம் ஈரக் கையோடு ஃபோனில் தேடினார். “கடல் நத்தை. நாக்கு பூரா பல்லாம். அமிலத்தைத் தடவித் தடவிச் சுரண்டி ஓட்டை போட்டு, உள்ள இருக்கறதைத் தின்னுடுமாம். பீரோ சாவி எங்கே?”

புது மட்டிகள் தொட்டிக்குப் போயின. நத்தை தனிக் கிண்ணத்தில், மகிஷாசுரன் பக்கத்தில் உட்கார்ந்தது. நடுவர்கள் அந்தக் கிண்ணத்தை விட்டு நகரவே இல்லை. இரண்டாம் பரிசு, ஒரு சுவர்க் கடிகாரம். நத்தையைக் கடலில் விட ரஞ்சிதா வாங்கிக்கொண்டு போனாள்.

கடிகாரம் மாட்ட, வெற்றிக் களிப்போடு டிரில்லை எடுத்தார் ராமானுஜம். சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது. ஆணி ஆடியது. பக்கத்தில் இன்னோர் ஓட்டை போட்டார். அது கோணல்.

“ஏங்க, ரஞ்சிதாவுக்கு ஒரு ஃபோன் போடுங்க,” என்றாள் பிரதீபா. “அந்த நத்தையை இன்னும் கடல்ல விட்டிருக்க மாட்டா.”