நட்டை எங்கே வைத்தீர்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்தில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பயணம் முழுவதும் ஏதோ ஒன்று கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. தலைக்கு மேலே என்று நினைத்து அண்ணாந்து அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்ததுதான் மிச்சம். பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே விரலை நீட்டி, "மேல இல்லீங்க. உங்க காலுக்குக் கீழ, அந்தக் கம்பியில ஒரு வாஷர் இல்ல" என்றார். கம்பியின் மேல் காலை வைத்து அழுத்தினேன். சத்தம் நின்றுவிட்டது.

அவர் காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கருவி இருந்தது. அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று காதுக்குள் போயிற்று. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "அந்தப் பாடகரின் உலகில் திடீரென்று மௌனம் கவிந்தபோது"

[வேண்டாம். காது கேட்காதவர் கதை என்றாலே ஒரு சங்கீதக்காரரைப் பிடித்துவந்து உட்கார வைக்கிற வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.]

இரண்டாம் தொடக்கம்: "பேரன் கூப்பிட்டது தாத்தாவுக்குக் கேட்க..."

[இதுவும் வேண்டாம். தாத்தா பாவம், எத்தனை கதையில்தான் வந்து நிற்பார்?]

மூன்றாம் தொடக்கம்: "பேருந்து டிப்போவில் அவளுக்கு ராடார் என்று பெயர்."

இது ஓடும் என்று பட்டது.

3

பேருந்து டிப்போவில் அவளுக்கு ராடார் என்று பெயர். ஒர்க்‌ஷாப்பில் அவள் மெக்கானிக். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் உண்டு. ஆனால் "வண்டியில எங்கேயோ சத்தம் வருது" என்று டிரைவர்கள் புலம்பிக்கொண்டு வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அவள் நடு இருக்கையில் உட்காருவாள். கண்ணை மூடிக்கொள்வாள். டிரைவர் வண்டியை டிப்போவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டுவார். யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் அவள் விரல் மேலே எழும். அங்குமிங்கும் அலைந்து ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்தைக் கழற்றினால் ஆடுகிற ஸ்க்ரூ கையோடு வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் மற்றவர்களுக்கு அகப்படாதது அவளுக்கு உட்கார்ந்த இடத்தில் அகப்படும்.

அப்புறம் காது மந்தமாயிற்று. கருவி வாங்கி மாட்டிக்கொண்டாள். பேச்சு கேட்டது, ஹாரன் கேட்டது, ஸ்க்ரூ ஆடுவதும் கேட்டது. எங்கே ஆடுகிறது என்பதுதான் தெரியவில்லை. எல்லாச் சத்தமும் ஒரே இடத்தில், மண்டைக்குப் பக்கத்தில் கூடிநின்று பேசுவதுபோல் இருந்தது.

அப்படியும் ஒருநாள் விரலை நீட்டினாள், கூரையைப் பார்த்து. கூரைப் பலகை முழுவதையும் கழற்றினார்கள். ஒன்றுமில்லை. சத்தம் கடைசி இருக்கைக்குக் கீழே இருந்த தீயணைப்பு சிலிண்டரின் பிடியிலிருந்து வந்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவுகிற சாக்கில் அழுதாள்.

போர்மேன் அவளைவிட இளையவர், அவள்மேல் மரியாதை உள்ளவர். அதனால் சுற்றி வளைத்துத்தான் சொன்னார்.

"அக்கா, ஸ்டோர்ல ஆள் வேணுமாம். உக்காந்து பாக்குற வேலை. உடம்புக்கும் நல்லது."

"ஸ்டோர்ல என்ன சத்தம் இருக்கு தம்பி?"

"ஒரு சத்தமும் இருக்காதுக்கா."

"அதான் சொல்றேன்" என்றாள்.

4

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது.

ஒரு காலிப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். ராடார் வேலை பார்க்கிற டிப்போவில் நிற்கிறது. உங்கள் கையில் ஒரு நட்டு. அதைப் பேருந்துக்குள் எங்கேயாவது ஒளித்து வையுங்கள். இருக்கைக்கு அடியில், சாமான் வைக்கிற கம்பித் தட்டில், படிக்கட்டு இடுக்கில், டிரைவரின் கண்ணாடிக்குப் பின்னால், எங்கே வேண்டுமானாலும். ஓடும்போது ஆட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. என்னிடம் சொல்லாதீர்கள். எனக்கு ரகசியம் தங்காது.

வைத்தாயிற்றா? கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.

5

காதுக்கருவி நிலையத்தில் ராடாரும் அவள் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

[கணவரைப் பற்றி: முதல் வரைவில் இவரைப் பொல்லாதவராக எழுதினேன். "இந்த வயசுல உனக்கு எதுக்கு வேலை" என்று ஒரு வசனம்கூடக் கொடுத்தேன். மனுஷர் அதைச் சொல்லவே மாட்டேன் என்றார். மனைவியின் பையை மடியில் வைத்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, பக்கத்திலேயே இருந்தார். கடைசியில் நான்தான் விட்டுக்கொடுத்தேன்.]

அங்கே காதைச் சோதிக்கிற பெண்ணை ராடார் டாக்டர் என்றே கூப்பிட்டாள். டாக்டர் இரண்டு கருவிகளை மேஜைமேல் வைத்தார்.

"இது நீங்க இப்போ போட்டிருக்கிறதைவிட புதுசு. மைக் காதுக்குப் பின்னால இருக்கும். நல்ல சக்தி. கூட்டத்துல எதிர்ல இருக்கிறவங்க பேசுறதைத் தூக்கிக் குடுக்கும். இன்னொண்ணுலயும் பின்னால மைக் உண்டு. அது போக, காதுக்குள்ள போற முனையில கூடுதலா ஒரு மைக் இருக்கு."

"உள்ள எதுக்கு மைக்?"

டாக்டர் தன் காதுமடலை விரலால் தொட்டுக் காட்டினார். "இந்த மேடு பள்ளமெல்லாம் அழகுக்கு இல்லம்மா. மேலருந்து வர்ற சத்தம், கீழருந்து வர்றது, பின்னாலருந்து வர்றது, எல்லாம் இதுல பட்டு வேற வேற மாதிரி மாறித்தான் உள்ள போகும். அதை வெச்சுத்தான் மூளை இடத்தைக் கண்டுபிடிக்குது. மைக் பின்னால மட்டும் இருந்தா, சத்தம் மடலுக்கு வராமலே மெஷினுக்குள்ள போயிடுது."

"அப்போ என் காதுமடலை வேலையை விட்டு நிறுத்திட்டீங்க."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"என்னையும் நிறுத்தத்தான் பாக்குறாங்க" என்றாள் ராடார்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. உள்ளே மைக் வைத்த கருவியில் சத்தத்தை ரொம்ப ஏற்ற முடியாது. மைக்கும் ஒலிபெருக்கியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், ஏற்றினால் விசில் அடிக்கும். காது இன்னும் மந்தமானால் இது போதாமல் போகும். காது அழுக்கு அடைக்காமல் தினமும் துடைக்க வேண்டும்.

"அப்போ மொத மெஷின்தான்" என்றார் கணவர். "நான் பேசுறது நல்லா கேக்கும்."

"அதுக்குத்தான் யோசிக்கிறேன்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ராடார் கணவரிடம் சாவிக்கொத்தைக் கேட்டாள். இல்லை, கேட்டு வாங்கி, திரும்ப அவர் கையிலேயே கொடுத்தாள்.

"நான் கண்ணை மூடிக்கிறேன். நீங்க ரூம் முழுக்க நடந்து ஆட்டுங்க. பேசாதீங்க. முடியும்ல?"

முதல் கருவியை மாட்டினார்கள். கணவர் பூனைபோல் நடந்து பின்னால் போய் ஆட்டினார். அவள் விரல் முன்பக்கம் காட்டியது. குனிந்து தரைக்குப் பக்கத்தில் ஆட்டினார். விரல் மேலே போயிற்று. அவர் சாவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். சொல்ல மனம் வரவில்லை.

"தப்பா?" என்றாள் கண்ணை மூடியபடியே. அவளே கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

இரண்டாவதை மாட்டியதும் விசில் கிளம்பியது. ராடார் முகத்தைச் சுளித்தாள். டாக்டர் முனையில் இருந்த ரப்பரை மாற்றி, வேறு அளவில் ஒன்றைப் பொருத்தினார். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். விசில் அடங்கியது.

கணவர் நடந்தார். சாவி குலுங்கியது. விரல் தயங்கியது, தடுமாறியது, அவர் பக்கம் வந்து நின்றது. பின்னால் போனார். விரல் தோளுக்கு மேலாகப் பின்னால் போயிற்று. குனிந்தார். விரலும் குனிந்தது. அவருக்கு வேகம் வந்துவிட்டது. சத்தமில்லாமல் நாற்காலிமேல் ஏறி, கூரையைத் தொடுகிற உயரத்தில் சாவியை ஆட்டினார்.

விரல் மேலே நேராக நின்றது. கூடவே அவள் சொன்னாள்.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க. அது டாக்டரோட நாற்காலி."*

அறையில் மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தபோது ராடாருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இந்த முறை முகம் கழுவப் போகவில்லை.

"இதுதான்" என்றாள்.

"என் பேச்சு கொஞ்சம் கம்மியாக் கேக்குமே" என்றார் கணவர்.

"எங்கருந்து பேசுறீங்கன்னு தெரியும்ல. திரும்பிப் பாத்துக் கேட்டுக்கிறேன்."

* செருப்பு நான் திட்டமிட்டதல்ல. அவர் செருப்போடுதான் ஏறினார் என்பதே அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.

6

டிப்போவில் போர்மேன் ஒரு யோசனை சொன்னார். "அக்கா, ஒரு வண்டி. ஒரு நட்டு. நானே வைக்கிறேன். நீங்க காட்டிட்டீங்கன்னா ஸ்டோர் பேச்சே எடுக்க மாட்டேன். காட்டலைன்னா..."

"காட்டலைன்னா நானே ஸ்டோர் சாவியை வாங்கிக்கிறேன்."

இதற்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) அவள் தவறான இடத்தைக் காட்டுகிறாள். ஸ்டோருக்குப் போகிறாள். அமைதியோடு சமாதானமாகிறாள். [சோகம் நன்றாகவே வந்தது. பரிசுக்குக்கூட அனுப்பலாம். கிழித்துப் போட்டேன்.]

(ஆ) நட்டு இருக்கிற இடத்தை நான் காதும் காதும் வைத்தாற்போல் அவளிடம் சொல்லிவிடுகிறேன். ஜெயித்துவிடுகிறாள்.

இரண்டாவதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ராடார் என்னை நிறுத்தினாள்.

"நீங்க சொல்லிக் குடுத்து நான் காட்டினா, அது உங்க காது. என் காது எதுக்கு?"

"தோத்துட்டா?"

"தோத்தா தோத்துட்டுப் போறேன். நீங்க மூக்கை நுழைக்காதீங்க."

ஆகவே போர்மேன் நட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இனி நடப்பதற்கு நான் பொறுப்பல்ல.

7

ஒர்க்‌ஷாப் மொத்தமும் வண்டிக்குள் ஏறியது. நிற்க இடமில்லை. கணவரும் எப்படியோ ஏறிவிட்டார், பையோடு. ராடார் நடு இருக்கையில் உட்கார்ந்தாள், கருவிகளை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள், கண்ணை மூடினாள். டிரைவர் வண்டியை எடுத்தார்.

எஞ்சின் உறுமியது. ஜன்னல்கள் அதிர்ந்தன. அத்தனைக்கும் நடுவில் ஒரு நட்டு எங்கேயோ டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் கேட்டது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் பார்த்தார்கள்.

விரல் எழுந்தது. முன்னே போயிற்று, பின்னே வந்தது. அப்புறம் மேலே நகரத் தொடங்கியது, கூரையை நோக்கி. அன்று கழற்றி மாட்டிய அதே பலகை.

யாரோ "ஐயோ" என்று முனகினார். கணவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். விரல் பாதியில் நின்றது. அதே இடத்தை மறுபடி காட்டித் தோற்றால் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? பயமாக இருந்தது, நன்றாகவே பயமாக இருந்தது. காது ஒன்று சொல்லியது, நினைவு வேறொன்று சொல்லியது.

அவள் காதை நம்பினாள். விரல் கூரைக்குப் போய் நின்றது.

"இங்கதான் தம்பி. வலது பக்க ஓரம்."

வண்டி நின்றது. போர்மேனே ஸ்டூல்மேல் ஏறிப் பலகையின் ஓரத்தைக் கழற்றினார். நட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதைத் தூக்கிக் காட்டினார். வண்டி அதிர்கிற மாதிரி கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். இந்த விசில் கருவியிலிருந்து வந்ததல்ல.

"வேணும்னுதான்க்கா இங்க வெச்சேன்" என்றார் போர்மேன். "இங்க காட்டுறதுக்கு உங்களுக்குத் தைரியம் வருதான்னு பாக்கணும்னு."

"வந்துடுச்சு" என்றாள் ராடார். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. "வண்டியை எடுக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு இருக்கு."

"இல்லக்கா. சத்தியமா நான் ஒண்ணுதான் வெச்சேன்."

"நீங்க வெச்சது ஒண்ணு. இது வேற யாரோ வெச்சது."

போர்மேன் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் திருதிருவென்று விழித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையை விரித்தேன். எனக்கு என்ன தெரியும்? கதவைச் சாத்திவிட்டு வந்தது நீங்கள்.

8

வண்டி மறுபடி ஓடுகிறது. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது. ராடாரின் விரல் எழுந்துவிட்டது. மெதுவாக நகர்கிறது, தயங்கவில்லை. இதோ நின்றுவிட்டது.

எங்கே நின்றது என்று நான் எழுதப் போவதில்லை. எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். சரியான இடம்தானா என்று அவளிடமே சொல்லிவிடுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்தே சொல்லலாம், மெல்லச் சொன்னாலும் போதும்.

அவள் உங்கள் பக்கம்தான் திரும்புவாள்.