முப்பத்தொரு மஞ்சள் வில்லைகள்

ஏழு வண்டிகளுக்குப் பின்னால் நின்றது ராஸின் டிரெய்லர். திங்கட்கிழமை, காலை எட்டேகால் மணி. சந்தைக்கூடத்துக்கு இறக்குமேடை ஒன்றுதான். ஒவ்வொரு வண்டியும் பின்வாக்கில் வந்து பலகையோடு ஒட்டிக்கொள்ள ஐந்து நிமிடம், ஆடு மாடுகள் இறங்க ஐந்து நிமிடம். டிரெய்லருக்குள் முப்பத்தொரு செம்மறிக் குட்டிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கத்தின. க்ளென்னா மடியில் கிடந்த உறையை நான்காவது முறையாகத் திறந்து பார்த்தாள். ரசீது உள்ளேயே இருந்தது.

"அது என்ன ஓடியா போயிடும்?" என்றான் அவள் கணவன் ராஸ்.

"கடுதாசியும் ஓடி வராதுன்னுதான் நெனச்சேன். வந்துச்சே."

கடிதம் மூன்று வாரம் முன்பு வந்தது. செம்மறி வாரியத்தின் முத்திரை. விற்கும் ஒவ்வொரு ஆட்டுக்கும் வளர்ப்பவர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். நாற்பது தாய் ஆடுகள் வைத்திருக்கும் நீங்கள் நான்கு வருடமாக ஒரு காசும் கட்டவில்லை. கட்டும்வரை உங்கள் ஆட்டை எந்தச் சந்தையும் ஏற்கக் கூடாது. தலைக்கு இரண்டு டாலர் சொச்சம்தான். ஆனால் நூற்றெண்பத்தாறு தலை. அபராதத்தோடு அறுநூற்றுப் பன்னிரண்டு.

அவர்கள் கட்டியிருந்தார்கள். வருடா வருடம் குட்டிகளை ஏற்றிப்போகும் தரகர் லோர்ன் ஹாகெட், கொடுக்கும் சீட்டில் 'லைசென்ஸ்' என்று ஒரு வரி போட்டுக் கழித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தருவார். அந்தச் சீட்டுகளை வாரியத்துக்கு அனுப்பினாள். 'இவை எங்கள் ரசீதுகள் அல்ல' என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அதற்குமேல் மல்லுக்கட்ட நேரமில்லை. பக்ரீத்துக்கு டொரண்டோ கறிக்கடைக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போகும் வாரம் இது. அடுத்த திங்கட்கிழமை பாதி விலைக்கும் ஆள் இருக்காது. கல்குவாரியில் ராஸின் முதுகு போய் ஐந்து மாதம். வீட்டுக் கடனில் இரண்டு தவணை நின்றிருந்தது. மூன்றாவதும் நின்றால் வங்கி வரும். அதனால் க்ளென்னா இரண்டாம் முறை கட்டினாள். இந்தத் தடவை நடுவில் லோர்ன் கிடையாது. தன் பெயரில், தன் கையால்.

"எவனோ போட்டுக் குடுத்திருக்கான்," என்றான் ராஸ். அவன் கண் பக்கக் கண்ணாடியில் இருந்தது. கண்ணாடியில் டெல்மரின் நீல வண்டி, இரண்டு கன்றுகளுடன். பக்கத்துப் பண்ணை. வேலித் தகராறில் இரண்டு வருடமாகப் பேச்சில்லை.

"அவனுக்கு எழுதப் படிக்கவே சோம்பல்."

"அடுத்தவன் குடியக் கெடுக்கன்னா எழுதுவான்."

அவர்கள் முறை வந்தது. மேடையில் வெர்னா நின்றாள், கையில் ஆட்டின் காதில் அடித்த அடையாள வில்லையைப் படிக்கும் கோல். சந்தை அலுவலகத்தில் இருபது வருடம் இருப்பவள். ரசீதை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். தலையாட்டினாள்.

"சரியாத்தான் இருக்கு. எறக்கு."

குட்டிகள் ஒவ்வொன்றாகப் பலகையில் இறங்கின. கோல் ஒவ்வொரு காதையும் தொட்டது. பீப். பீப். ஆறாவது குட்டியில் வெர்னா கதவைச் சாத்தினாள்.

"க்ளென்னா, இது யார் ஆடு?"

"யார் ஆடா? ராத்திரி பகலா கூட இருந்து ஈத்துப் பாத்தவ நான்."

"மெஷின் வேற சொல்லுதே. லோர்ன் ஹாகெட்னு சொல்லுது. ஆறும்."

க்ளென்னா குனிந்து பார்த்தாள். மஞ்சள் வில்லை, கறுப்பு எண்கள். அவள்தான் அடித்தாள், வசந்தத்தில், ஒவ்வொரு காதாகப் பிடித்து. வில்லைகளைக் கொண்டுவந்து தந்தது லோர்ன். 'தனியா வரவழைச்சா தபால் செலவு. எல்லாருக்கும் சேத்து நானே வாங்கிடறேன்.' அவள் காசைக் கொடுத்து, ஒரு ஆப்பிள் கேக்கும் சுட்டுக் கொடுத்திருந்தாள்.

யார் பெயரில் வில்லை வாங்கப்பட்டதோ, அவர் ஆடு அது. கணினிக்கு வேறு எதுவும் தெரியாது.

வெர்னாவின் பார்வை டிரெய்லரின் நம்பர் தகட்டுக்குப் போய்த் திரும்பியது. போன மாதம்தான் பக்கத்து ஊரில் பதினெட்டு ஆடுகள் களவு போயிருந்தன.

"என்ன வெர்னா, அப்படிப் பாக்குறே?" ராஸின் குரல் உயர்ந்தது. "திருட்டு ஆடுங்கிறியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. லோர்ன் வந்து, இது உங்களுதுன்னு மாத்தி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இல்லேன்னா பின்பட்டியில அடைக்கணும். போலீஸ் வந்து பாக்கணும். பத்து நாள் ஆகும்."

"பத்து நாள்ல பண்டிகை முடிஞ்சிடும்," என்றாள் க்ளென்னா.

"லோர்ன் உள்ளதான் இருக்காரு. காப்பி குடிக்கிறாரு. ஏலம் பத்து மணிக்கு."

உள்ளே கேண்டீனில் லோர்ன் ஹாகெட் சுவரோர மேசையில் முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். போகிறவன் வருகிறவன் எல்லாம் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். அவர் தலைக்கு மேல் ஒரு கேடயம் தொங்கியது. மாவட்டத்திலேயே அதிகக் கட்டணம் செலுத்திய வளர்ப்பாளர் என்று வாரியம் கொடுத்தது. அவர் பண்ணையில் கிழட்டுக் கடா இரண்டைத் தவிர ஆடு எதையும் யாரும் பார்த்ததில்லை.

"அடடே, தங்கச்சி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே."

"எங்க ஆடு உங்க பேர்ல இருக்கு."

"எல்லார் ஆடும் என் பேர்லதான் இருக்கு." அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஒரு லோடு, ஒரு காகிதம். அவ்ளோதான். பிடிச்ச பணம் வாரியத்துக்குப் போயிருக்கு. ஒத்தக் காசு நான் தின்னல. வெர்னாவக் கேளுங்க."

"போயிருக்கு. உங்க பேர்ல போயிருக்கு. நான் மறுபடி அறுநூறு கட்டியிருக்கேன்."

"என்னைக் கேட்டிருந்தா அவசரப்படாதீங்கன்னு சொல்லியிருப்பேன்."

"மாத்தி எழுதிக் குடுங்க. முப்பத்தொண்ணு. ஒரே கையெழுத்து."

லோர்ன் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார்.

"இந்த முப்பத்தொண்ணு உங்களுதுன்னு எழுதினா, முன்ன வித்ததெல்லாம் யாருதுன்னு அடுத்த கேள்வி வரும். உங்களோட நிக்காது. இந்தப் பக்கம் பதினாலு வீடு. அத்தனை பேரையும் இழுத்து விடணுமா? என் பேர்லயே போகட்டும். வெள்ளிக்கிழமை செக். உங்களுக்காகக் கமிஷன்ல பாதி போதும்."

ராஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான். முதுகு அவனைப் பாதியில் நிறுத்தியது.

"ஒக்காருங்க தம்பி. முதுகு முக்கியம்."

அடுத்த மேசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. டெல்மர். கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எனக்கும் வந்துச்சு அந்தக் கடுதாசி. ஆடிக்கொரு தடவ பத்துக் குட்டி விக்கறவன் நான். எரநூத்துச் சொச்சம் கட்டிட்டு வாயப் பொத்திக்கிட்டேன்."

ராஸ் திரும்பினான். "சொல்றதுக்கென்னடா?"

"நீதான் பேசறதில்லையே. அதுவுமில்லாம..." டெல்மர் மூக்கைச் சொறிந்தான். "எழுதிப் போட்டது நீதான்னு நெனச்சேன்."

"நானா!"

"வேற யாரு? வேலிக்காக."

க்ளென்னா அவன் மேசைக்கு ஒரு எட்டு வைத்தாள். "அப்ப இப்ப வந்து சொல்லு டெல்மர். வெர்னாகிட்ட. ரெண்டு பேரும் சொன்னா நம்புவாங்க."

டெல்மர் லோர்னைப் பார்த்தான். லோர்ன் சாண்ட்விச்சின் மறுபாதியை எடுத்தார், அவனைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. நாற்பது மைலுக்குள் ஆடு ஏற்றும் லாரி அவருடையது ஒன்றுதான்.

"என் கன்னுங்க வெளிய நிக்குதுங்க," என்று டெல்மர் எழுந்து போனான்.

ஒலிபெருக்கி கரகரத்தது. செம்மறி ஏலம் பதினைந்து நிமிடத்தில். கேண்டீன் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் டொரண்டோ கறிக்கடைக்காரர்கள் படிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். இவ்வளவு கூட்டத்தை அவள் பார்த்ததே இல்லை.

"வேண்டாம்," என்றான் ராஸ். "திருப்பி ஏத்துவோம்."

"ஏத்தி? தவணைக்கு ஆட்டையா கொண்டுபோய்க் கட்டுவே?"

அவள் மேடைக்கு நடந்தாள். வெர்னா கோலோடு காத்திருந்தாள்.

"எழுதிக்கோ. அவர் பேர்லயே."

வெர்னா கதவைத் திறந்தாள். மிச்ச இருபத்தைந்து காதுகளையும் தொட்டாள். இயந்திரம் சீட்டைத் துப்பியது. விற்பவர்: லோர்ன் ஹாகெட். முப்பத்தொன்று. உரிமக் கட்டணம்: கழிக்கப்படும்.

"அறுநூத்துப் பன்னெண்டு கட்டின ரசீது இருக்கே, அது எதுக்கு ஆகும்?" என்றாள் க்ளென்னா.

"அடுத்த தடவைக்கு ஆகும். உன் பேர்ல வில்லை வாங்கினப்பறம்."

ஏல வட்டத்தில் மரத்தூள் புதிதாகக் கொட்டியிருந்தது. ராஸ் மேலே உட்கார மறுத்து வண்டிக்குப் போய்விட்டான். க்ளென்னா கம்பியோரம் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். கதவு திறந்தது. முப்பத்தொன்றும் ஒரே அலையாக உள்ளே வந்தன. மேலே திரையில் பெயர் விழுந்தது.

"லோர்ன் ஹாகெட் குட்டிங்க!" ஏலக்காரன் சுத்தியைத் தட்டினான். "பாத்துக்கோங்க, முதுக அமுக்கிப் பாத்துக்கோங்க! இந்த மாவட்டத்துல இப்படி வளக்கறதுக்கு வேற ஆள் கெடையாது!"

எதிர்ப்படியில் லோர்ன் தொப்பியை லேசாகத் தூக்கினார். விலை தலைக்கு முந்நூறில் ஆரம்பித்து ஏறியது. நிற்காமல் ஏறியது.

நெரிசலில் க்ளென்னாவுக்கு இருமல் வந்தது. மந்தையின் நடுவில் ஒரு காது நிமிர்ந்தது. குளிர்காலத்தில் தாய் சேர்க்காமல், அடுப்போரம் பெட்டியில் கிடந்து அவள் கைப் புட்டியில் பால் குடித்த குட்டி. அது மற்றவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு நேராக அவளிடம் வந்தது. கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்துக் கத்தியது. அவள் விரலைத் தேடிப் பிடித்துச் சப்பத் தொடங்கியது.

படிகளில் யாரோ சிரித்தார்கள். வட்டத்துக் காவலாள் தட்டையான துடுப்போடு வந்து குட்டியின் முகத்தைத் திருப்பிவிட்டான்.

"அம்மா, கைய எடுங்க. அடுத்தவங்க ஆட்டத் தொடக் கூடாது."