அழுத்திப் பார்க்காத இடம்

லாயத்தில் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சேணம், கடிவாளம், வார் எல்லாவற்றையும் தைத்துப் பராமரிப்பவள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் பக்கத்தில் இல்லாதபோதுதான் சொல்வார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்பே ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்துக் குத்திவிடுவாள்.

அப்படிக் குத்தியதில்தான் நாத்தனாரோடு மூன்று வருடம் பேச்சு அறுந்தது. நாத்தனார் ஆசை ஆசையாய்க் கட்டிய புது வீட்டுக்குள் காலை வைத்ததும் இவள் சொன்ன முதல் வார்த்தை, "வாசக்கதவு கோணலா நிக்குதே, யாரும் பாக்கலையா?" கதவு கோணல்தான். ஆனால் எல்லாரும் வாழ்த்திக்கொண்டிருந்த நேரத்தில் அதையா சொல்வது? நாத்தனார் முகம் விழுந்தது, உறவும் விழுந்தது.

ஒட்ட வைத்தது ஒரு சேணம். நாத்தனார் குதிரையோடு சேர்ந்து விழுந்து, இனி சவாரியே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அவளுடைய இங்கிலீஷ் சேணம் சும்மா கிடந்தது. ஊசியக்காவின் தம்பிக்கோ நாற்பத்தைந்து வயதில் குதிரை ஆசை வந்து, பூனை என்றொரு பெட்டைக் குதிரையை வாங்கியிருந்தான். நடந்தால் சத்தமே கேட்காது, அதனால் பூனை. "அக்கா, அவங்க சேணத்தை நீ ஒரு தடவை பாத்துச் சொல்லு, வாங்கிக்கிறேன்" என்றான்.

கிளம்பும்போது கணவர் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "என் தங்கச்சி இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கா. இன்னைக்கு ஒருநாள் அந்த ஊசியால உன் வாயையே தச்சுக்கோ, தாயே."

தைத்துக்கொண்டாள்.

நாத்தனார் வீட்டு மேசைமேல் சேணத்தைக் குப்புறப் போட்டு, குதிரையின் முதுகில் படும் இரண்டு அடிமெத்தைகளையும் உள்ளங்கையால் தடவினாள். கட்டி இல்லை, பள்ளம் இல்லை. நடுவில் முதுகெலும்புக்காக விட்ட இடைவெளி நேராக இருந்தது. வயிற்றுப்பட்டையை மாட்டும் வார்களை வெடுக்கென்று இழுத்தாள், தையல் அசையவில்லை. கால் நுழைக்கும் அங்கவடி தொங்கும் இரும்பில் துரு இல்லை. பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே உயரம். நல்ல தோல், எண்ணெய் போட்டு வளர்த்த தோல்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. சேணத்தின் உயிர் அதன் உள்ளே இருக்கும் மரச்சட்டம். தோலுக்குள் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சேணத்தின் முன்மேட்டை வயிற்றில் முட்டுக்கொடுத்து, பின்மேட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல சட்டம் கொஞ்சம் வளைந்து திரும்பிவிடும். உடைந்தது நடுவில் மடியும், முனகும். பழைய சேணம் வாங்கும் யாரும் இதைச் செய்யாமல் வாங்கக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவள் அவள்தான்.

முன்மேட்டில் கை வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார் அதே கோணல் கதவில் சாய்ந்துகொண்டு இவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இழுத்துப் பார்த்தால், 'நீ உடைந்ததை என் தம்பி தலையில் கட்டப் பார்க்கிறாயா?' என்று கேட்பது போல ஆகிவிடாதா? அவள் கையை எடுத்தாள்.

"தம்பி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்றாள், கூட வந்திருந்த தம்பியிடம். நாத்தனார் சிரித்தாள். கணவர் அன்றைக்கு முழுக்க விசிலடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் பூனை சேணத்தைப் பார்த்தாலே காதை மடக்கியது. அடுத்து கடிக்க வந்தது. தம்பி போன் செய்தான். "இடம் குடுத்துட்டே, அதான் தலைமேல ஏறுது. ரெண்டு போடு, சரியாயிடும்" என்றாள் ஊசியக்கா. முதுகைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதை ஓரமாக வைத்துவிட்டாள், அவ்வளவுதான். இரண்டாவது மாதம் பூனை தம்பியைத் தூக்கி எறிந்தது. மணிக்கட்டு முறிந்தது. தம்பி மனைவி ஒரே பிடியாக நின்றாள்: குதிரை இருந்தால் நான் இல்லை. முரட்டுக் குதிரைகளை ஓட்டிப்போகும் ஆள் ஒருவன் உண்டு. அவன் கொண்டுபோன குதிரைகள் என்ன ஆயின என்று யாரும் அவனிடம் கேட்பதில்லை. சனிக்கிழமை காலை வருவதாகச் சொல்லியிருந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஊசியக்கா, இனி வேண்டாம் என்று தம்பி கொடுத்தனுப்பிய சேணத்தோடு லாயத்துச் சேண அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முன்மேட்டை வயிற்றில் வைத்து, பின்மேட்டைப் பிடித்து இழுத்தாள். பெரிய பலமெல்லாம் தேவைப்படவில்லை. இருக்கை நடுவில் சுருங்கி மடிந்தது. உள்ளேயிருந்து கிறீச்சென்று ஒரு முனகல் வந்தது. இரண்டு மாதமாக, தம்பியின் எடை முழுவதும் அந்த உடைந்த இடத்தின் வழியாகப் பூனையின் முதுகில் இறங்கியிருக்கிறது. சேணத்தை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் நாத்தனாருக்குத்தான் போன் செய்தாள். கோபப்பட ஒரு ஆள் வேண்டியிருந்தது, உண்மை அதுதான்.

"சட்டம் உடைஞ்சிருக்கு. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நிச்சயமாத் தெரியாது அண்ணி. அன்னைக்கு விழுந்தப்ப குதிரை சேணத்து மேலயே புரண்டுச்சு. அதுலேருந்து ஒரு சந்தேகம். நானா வாய்விட்டுச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீங்க எப்படியும் இழுத்துப் பாப்பீங்கன்னு காத்துக்கிட்டே நின்னேன். நீங்க பாக்கல. உங்க கண்ணுக்கா தப்பும்? நீங்களே ஒண்ணும் சொல்லலேன்னா நல்லாத்தான் இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

ஊசியக்கா போனை வைத்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு நாள், இவள் குறை சொல்லமாட்டாளா என்று காத்திருக்கிறாள். அன்றைக்குப் பார்த்து இவள் நல்லவளாகிவிட்டாள்.

தம்பியிடம் இதைப் போனில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை அவள் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டி வந்து நின்றிருந்தது. பின்கதவு திறந்து பலகை இறக்கியாயிற்று. தம்பி கட்டுப்போட்ட கையோடு ஓரமாக நின்றான். வண்டிக்காரன் பூனையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"டேய், அனுப்பாதடா. குதிரை மேல தப்பில்ல." கொண்டுவந்த சேணத்தை அவன் முன்னால் மடக்கிக் காட்டினாள். அது முனகியது.

தம்பி அதையே பார்த்தான். "நீதானேக்கா கண்ணை மூடிக்கிட்டு வாங்குன்னே?"

"கண்ணை மூடிக்கிட்டது நான்தான்டா. அவ மனசு நோகும்னு இழுத்துப் பாக்காம விட்டுட்டேன். இத்தனை நாளும் பூனை அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்துச்சு."

தம்பி வண்டிக்காரனிடம் போய் ஏதோ சொன்னான். அவன் பூனையைக் கம்பத்தில் கட்டிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பலகையைத் தூக்கி மாட்டினான். வண்டி கிளம்பிப் போனது. பூனை போகவில்லை என்பதில் ஊசியக்காவுக்கு வந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

அவள் பூனையின் முதுகில் இரண்டு விரலை வைத்தாள். வைத்ததும் தோல் நடுங்கி, முதுகு கீழே அமிழ்ந்தது. சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள். தம்பி நல்ல கையை நீட்டிக்கொண்டு கிட்டே வந்தான். கை வெறுங்கைதான். இருந்தும் பூனை தலையைத் தூக்கிக்கொண்டு, கயிறு இழுக்கிற மட்டும் பின்னால் ஒதுங்கியது.

அவன் கையை இறக்கினான். "எத்தனை தடவை அடிச்சிருப்பேன் தெரியுமாக்கா?" என்றான்.

நீ சொல்லித்தானே அடித்தேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.