நீல அட்டையில் அச்சாகாத பெயர்

அச்சகத்தின் மாடியறையில் ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு நான்கு பேர் கூடுவார்கள். நால்வருக்கும் ஜாஸ் என்றால் உயிர். ஆனால் யாருடைய ஜாஸ் என்று கேட்டுவிட்டால் போதும், வாக்குவாதம் மாடிப்படி வரைக்கும் இறங்கி வரும். பஸ் டிரைவருக்கு சாக்ஸபோன் தவிர மற்றதெல்லாம் வாத்தியக் கணக்கிலேயே வராது. வாரமெல்லாம் ஹாரன் கேட்டு நொந்த காதுக்கு அதுதான் மருந்து என்பார். அச்சகக்காரர், அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் என்ற தந்தி வாத்தியத்தின் கட்சி. அதை வாசிக்கிறபோது யாரும் கவனிக்கமாட்டார்கள், நிறுத்தினால் வீடே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும் என்பது அவருடைய வாதம். மூன்றாமவர் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எழுநூறு ரெக்கார்டு வைத்திருந்தார்; எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்கும்படியும் பார்த்துக்கொண்டார். அதனால் அவருக்குத் தலைவர் என்று பெயர்.

நான்காவது ஆள் பல்லக்கா. பல் செட்டு செய்யும் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக மெழுகில் பல் பதித்து, ஈறு செதுக்கி, வழவழப்பு ஏற்றுகிறவர். மூவருமே அவரைவிட மூத்தவர்கள். இருந்தாலும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

தலைவருக்கு ஒரே தெய்வம். எப்போதோ காலமாகிவிட்ட ஒரு டிரம்பெட் கலைஞர். அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது மரியாதைக் குறைவு என்பதுபோல நால்வரும் ராசா என்றே சொல்வார்கள். ராசாவின் ரெக்கார்டுகளில் தலையாயது நீல அட்டை போட்டது. ஐம்பது வருஷத்துக்கு முந்தியது, ஆறு பாட்டு. மூன்றாவது பாட்டின் முடிவில் டிரம்பெட் படிப்படியாக ஏறி, உச்சியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துப் பன்னிரண்டு விநாடி அசையாமல் நிற்கும். அந்த இடம் வரும்போது தலைவர் கண்ணை மூடிக்கொள்வார். அறையில் ஒருவர் தும்மக்கூட முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பன்னிரண்டு விநாடியும் முடிந்து ஊசி தூக்கப்பட்டதும், பல்லக்கா தன் பாட்டுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"இது ராசா இல்ல."

டிரைவர் சிரித்தார். அச்சகக்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று தலைவர் முகத்தைப் பார்த்தார். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"பல்லப் பத்தி நீங்க சொல்லுங்க அக்கா, நாங்க கேட்டுக்கறோம். ஊதுறதப் பத்தி எங்ககிட்ட விட்டுருங்க."

பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டில் கணவரிடம் சொன்னபோது, செத்துப்போன மனுஷனுக்காக உயிரோடு இருக்கிறவர்கள் சண்டை போடுவது உங்கள் கூட்டத்தில்தான் என்று சொல்லிவிட்டு அவர் துணி மடிக்கப் போய்விட்டார்.

சந்தேகம் சும்மா முளைத்ததல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போலீஸ் பேண்டில் டிரம்பெட் ஊதுகிற ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து மேல்வரிசை முன்பல் நான்கையும் பறிகொடுத்தார். அவருக்குச் செட்டு செய்தது பல்லக்காதான். ஊதும்போது வாத்தியத்தின் முழு அழுத்தமும் மேலுதட்டின் வழியாக முன்பல்லின் மேல்தான் விழும். மேல் ஸ்வரத்துக்குப் போகப் போக அழுத்தம் கூடும், புதுச் செட்டு ஆடும், காற்று வாயோரமாக ஒழுகும். அந்த மனிதர் ஆறு தடவை பட்டறைக்கு வந்து, வாத்தியத்தையும் கொண்டுவந்து, அங்கேயே ஊதிக் காட்டினார். அந்தக் காற்று ஒழுகும் சத்தம், மெல்லிய 'ஸ்ஸ்' என்று ஒரு ஓசை, பல்லக்காவின் காதில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு நீல அட்டையைக் கேட்டபோது ஐந்து பாட்டில் அதே 'ஸ்ஸ்' கேட்டது. உச்சிக்குப் போக வேண்டிய இடங்களில் எல்லாம் ராசா அழகாக ஒதுங்கிக் கீழே இறங்கிவிடுகிறார். மூன்றாவது பாட்டில் மட்டும் காற்று சொட்டுக்கூட வீணாகவில்லை.

அட்டையின் பின்பக்கம் ஒரு புகைப்படம் உண்டு. ஒலிப்பதிவு நடந்த வாரம் எடுத்தது என்று கீழே போட்டிருக்கும். ராசா வாய்விட்டுச் சிரிக்கிறார். பல்லக்கா தன்னிடமிருந்த பிரதியை மறுநாள் பட்டறைக்கு எடுத்துப்போய்ப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தார். மேல் முன்பல் நான்கும் ஒரே உயரம், ஒரே வெள்ளை. ஈறு கோடு போட்டாற்போல் நேராக ஓடியது. பக்கத்து மேசையில் இருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் படத்தில் இருப்பது யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"செட்டுதான் அக்கா. புதுசு. இன்னும் படியல."

அடுத்த ஞாயிறு போலீஸ் பேண்டுக்காரரையே மாடிக்குக் கூட்டிப்போனார். செட்டு போட்ட புதிதில் தன் ஊதல் எப்படி இருந்தது, உச்சி ஸ்வரம் திரும்பி வர எப்படி ஒன்றரை வருஷம் பிடித்தது என்று அவர் விவரமாகச் சொன்னார். பழைய தளர்ந்த செட்டை மாட்டிக்கொண்டு ஊதியும் காட்டினார். 'ஸ்ஸ்' நால்வர் காதிலும் விழுந்தது. டிரைவருக்கு முகம் மாறிவிட்டது. தலைவர் மட்டும் மசியவில்லை. இவர் போலீஸ் பேண்டு, அவர் ராசா, இரண்டையும் ஒரு தராசில் வைக்காதீர்கள் என்றார்.

பல்லக்கா ரெக்கார்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். மூன்றாவது கடிதத்தோடு, பூதக்கண்ணாடி வழியாக எடுத்த பல்லின் படத்தையும், ஐந்து பாட்டிலும் காற்று ஒழுகும் இடங்களை நிமிஷம் விநாடியோடு குறித்த இரண்டு தாளையும் வைத்தார். ஐந்து வாரம் கழித்துத் தடிமனான உறை ஒன்று வந்தது. கம்பெனியின் பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி, அந்த ஒலிப்பதிவின் தினக்குறிப்பைத் தேடி எடுத்துப் பிரதி அனுப்பியிருந்தார்.

அந்த ஞாயிறு பல்லக்கா தாளை எடுத்து நேராகத் தலைவர் கையில் கொடுத்தார். ஐந்து பாட்டு திங்கள், செவ்வாயில் பதிவானவை. டிரம்பெட் என்ற இடத்தில் ராசா பெயர். மூன்றாவது பாட்டு வியாழக்கிழமை. டிரம்பெட் என்ற இடத்தில் வேறு பெயர். குழுவின் இரண்டாவது டிரம்பெட்காரர். அட்டையில் எங்குமே இல்லாதவர்.

தலைவர் படித்தார். திரும்ப ஒரு தடவை படித்தார். அறையில் மற்ற மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாப்பது வருஷமா இன்னொருத்தருக்குப் போக வேண்டிய கும்பிடெல்லாம் இவருக்குப் போட்டிருக்கேன்," என்றார் கடைசியில். "அன்னிக்கு நான் பேசினது தப்பு அக்கா. மனசுல வச்சுக்காதீங்க."

அதோடு விட்டிருந்தால் அது வெறும் மன்னிப்பு. தலைவர் மறுநாள் காலையிலேயே களத்தில் இறங்கினார். தெரு பெயர் தப்பான கடிதத்தையும் முகவரியே இல்லாத பொட்டலத்தையும் உரியவர் கையில் சேர்த்துப் பழகிய மனிதர். பழைய இசைக்கலைஞர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், அதில் இருந்த காலாவதியான முகவரி, அந்தத் தெருவில் தபால் கொடுத்தவர், அவருக்குத் தெரிந்த இன்னொருவர் என்று இழையைப் பிடித்துக்கொண்டே போனார். இருபத்தாறாம் நாள் பல்லக்காவின் பட்டறைக்குப் போன் வந்தது.

"ஆளு உயிரோட இருக்காரு அக்கா. எழுபத்தஞ்சு வயசு. பேக்கரி வச்சிருந்தாராம், இப்ப மக பாத்துக்குது. வர்றேன்னுட்டாரு."

அடுத்த ஞாயிறு அவர் ரயிலில் வந்தார். ஒல்லியான, காது சற்று மந்தமான மனிதர். கையில் மகள் கொடுத்தனுப்பிய ரொட்டி. நாற்காலியை ரெக்கார்டு பிளேயருக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்கள். அன்று ஊசியை வைக்கும் உரிமையைத் தலைவர் பல்லக்காவிடம் கொடுத்தார். மூன்றாவது பாட்டு ஓடியது. பெரியவரின் வலது கை விரல்கள் முழங்காலின் மேல் தாமாகவே அமுங்கி எழுந்தன. உச்சி ஸ்வரம் முடிந்ததும் அவர் பேசினார்.

"வீட்ல இத நான் போட்டதே இல்ல. போட்டா, இது நாந்தான்னு சொல்லணும்னு தோணும். யாரு நம்புவா?"

பிறகு நடந்ததைச் சொன்னார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. அந்தப் பாட்டை ராசா பதினான்கு தடவை முயன்று பார்த்தாராம். உச்சிக்குப் போகும்போதெல்லாம் செட்டு நகர்ந்து, உதடு கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. வியாழக்கிழமை ராசா தன் இடத்திலிருந்து விலகி, நீ ஊது என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். முடிந்ததும் இவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்று கம்பெனியோடு மல்லுக்கட்டினார். கம்பெனி கேட்கவில்லை. அந்த நீல அட்டைக்குப் பிறகு ராசா ஏன் அந்தக் கம்பெனி வாசலை மிதிக்கவே இல்லை என்று நால்வரும் எத்தனையோ ஞாயிறு மண்டையை உடைத்துக்கொண்டதுண்டு. காரணம் இதோ எதிரில் உட்கார்ந்திருந்தது.

"அந்த ஸ்வரம் நின்ன உடனே ஒரு குரல் கேக்கும். கவனிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் பெரியவர்.

ஒருவரும் கவனித்ததில்லை. பல்லக்கா ஊசியைத் திரும்ப வைத்தார். நால்வரும் தலையைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். டிரம்பெட் அடங்குவதற்கும் டிரம்ஸ் நுழைவதற்கும் இடையில், தொலைவிலிருந்து, அடக்க முடியாமல் வெளிவந்த ஓர் "ஆ!"

"அது ராசா," என்றார் பெரியவர். "எனக்குக் கெடச்ச கைதட்டு அது ஒண்ணுதான்."

தலைவர் எழுந்து நின்றார். கை தட்டத் தொடங்கினார். ரெக்கார்டுக்குக் கை தட்டுவதாவது என்று அதுவரை கேலி பேசியிருந்த டிரைவரும் எழுந்தார். அச்சகக்காரர் எழுந்தார். பல்லக்கா தட்டியதில் உள்ளங்கை சிவந்துவிட்டது. பெரியவர் முதலில் கையசைத்துப் போதும் என்றார். பிறகு அதை விட்டுவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, முழுவதையும் வாங்கிக்கொண்டார். அன்று மூன்றாவது பாட்டு ஏழு தடவை ஓடியது. நடுவில் சாக்ஸபோனைப் பற்றிப் பெரியவர் ஏதோ குறை சொல்லப்போக, டிரைவர் அவரோடு முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்.

புதுப் பதிப்பில் பெயரைச் சேர்ப்பதாகக் கம்பெனியிடமிருந்து எழுத்தில் உறுதி வந்தது பிறகுதான். அச்சகக்காரருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அன்று மாலையே கீழே போய் எழுத்துக் கோத்து, மூன்றாவது பாட்டு, டிரம்பெட் என்று போட்டு, பெரியவரின் முழுப் பெயரோடு சிறு சீட்டுகள் அச்சடித்துக் கொண்டுவந்தார். நால்வர் அட்டையிலும் அது ஒட்டப்பட்டது. பெரியவர் தமக்கென்று ஒரு பிடி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கள் காலை அவரை ரயில் நிலையத்துக்கு டிரைவரே தம் பஸ்ஸில் கூட்டிப்போனார். பல்லக்கா பட்டறைக்கு இறங்கும் நிறுத்தம் வரை கூடவே வந்தார். பெரியவருக்கு முன் இருக்கை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர்களிடமெல்லாம் டிரைவர், இவர் யாரென்று தெரியுமா என்று கேட்டுக் கதையைத் தொடங்கினார். பஸ் பதினோரு நிமிஷம் தாமதம். பெரியவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து, ஏறுகிறவர்கள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.