எல்லாம் பச்சையா இருக்கு

ரெண்டு சாஃப்ட்வேரையும் பதினஞ்சு நாள் ஓட்டிப் பாத்து ரிப்போர்ட் எழுதுனவ நான். கையெழுத்துப் போட வேண்டியவளும் நான். எது நல்லதுனு மட்டும் செக்ரட்டரி ஹரிஹரன் அண்ணன் சொல்வாராம். நல்லா இருக்கு நியாயம்.

என் பேரு மோகனப்பிரியா. பழவேற்காடு ஏரிக்கரையில எங்க மீனவர் சங்கத்துல கம்ப்யூட்டர் வேலை. ஐஸ் ரூம் குளிரு, இறால் எடை, பாடு முறை எல்லாம் அந்த மிஷின்லதான் ஓடுது. பாடுன்னா இன்னானு வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லிடறேன். முகத்துவாரத்துக்கிட்ட இறால் நல்லா விழற எடத்துல என்னிக்கு யாரு வலை போடறதுனு முறை வெச்சிருக்கோம். உடம்பு முடியாதவங்க ஃபோன்லயே தன் முறையை இன்னொருத்தருக்கு மாத்தி விடலாம். காசு வாங்கிட்டு வித்தா பாட்டு உரிமையே போயிடும்.

போன வியாழக்கிழமை குப்பன் மாமாவோட முறை முத்துராஜ் பேருக்கு மாறியிருந்துச்சு. மாமா, "நான் மாத்தல"ங்கறாரு. முத்துராஜ், "எனக்கு ஃபோன்ல வந்துச்சு, போனேன்"ங்கறான். கம்ப்யூட்டர், குப்பன்தான் மாத்தினாருங்குது. ஊரு கம்ப்யூட்டரை நம்பிடுச்சு. வித்துட்டுப் பொய் சொல்றான்னு வாய் கூசாம பேசுனாங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பாடு லிஸ்ட்லேர்ந்து அவர் பேரை அடிச்சுடறதுனு முடிவு. முப்பது வருஷமா இந்த ஏரியில வலை போடற மனுஷன், சோறு எறங்காம ஒக்காந்திருந்தாரு.

அதே வாரத்துலதான் சங்கத்துக்கு எந்த சாஃப்ட்வேரை வாங்கறதுனு ரிப்போர்ட்டும் குடுக்கணும். மொத சாஃப்ட்வேரு, மிஷின் ஓடுதா, நெட்டு இருக்கா, ஐஸ் ரூம் குளிருதானு பாத்துக்கிட்டே இருக்கும். ஓடுனா பச்சை, நின்னா செவப்பு. ரெண்டாவது, வெளியாளு எந்த வழியா உள்ள பூந்துட முடியும்னு ஓட்டை தேடும். மொதல் சாஃப்ட்வேரை விக்க சென்னைலேர்ந்து வந்தவங்க பெரிய டிவியில பச்சை பச்சையா போட்டுக் காட்டுனதும் ஹரிஹரன் அண்ணன் சொக்கிப் போயிட்டாரு.

"ரெண்டாவது வேணாம் பிரியா. நூத்திப் பன்னெண்டு பேரு பாஸ்வேர்டு ஓட்டைனு லிஸ்ட் போடுது. வெளிய தெரிஞ்சா சங்கத்து மானம் போயிடும். மொதல்தான் நல்லதுனு எழுதிக் கையெழுத்துப் போடு."

"வியாழக்கிழமையும் அது பச்சையாத்தான் இருந்துச்சு அண்ணா. மிஷின் நல்லாத்தான் ஓடுச்சு. மாமா முறைதான் போச்சு."

"அப்போ வேலை வேணாமா உனக்கு?"

"பொய்க் கையெழுத்து வேணாம்"னு எழுந்து வந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். பாடு முறை பேசற கூட்டத்துக்குப் பொம்பளைங்க போறதில்ல. நான் போனேன். தலைவர் வேதாசலம் பெரிப்பா நிமிந்து பாத்தாரு.

"இன்னாம்மா, இங்க வந்திருக்க?"

"உங்க படகு நம்பர் இன்னா பெரிப்பா?"

கரைப் பக்கம் கையைக் காட்டினாரு. படகு மூக்குல மொழம் எழுத்துல பெயிண்ட் அடிச்சிருந்துச்சு. அங்கேர்ந்தே படிச்சு, என் ஃபோன்ல அவர் பேரையும் அந்த நம்பரையும் தட்டினேன். அவர் கணக்கு தொறந்துக்கிச்சு.

"நாளைக்கு உங்க முறை. இப்ப அதைக் குப்பன் மாமாவுக்கு மாத்திட்டேன். கம்ப்யூட்டரைக் கேளுங்க, நீங்களே குடுத்ததா சொல்லும்."

பெரிப்பா தன் ஃபோனை எடுத்துப் பாத்தாரு, நான் சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு.

"மறந்துடக் கூடாதுனு ஊரே படகு நம்பரைத்தான் பாஸ்வேர்டா வெச்சிருக்கீங்க. கரையில நடந்து போற யாரு வேணா படிச்சுட்டுப் போலாம். மாமா முறையை மாத்துனது யாருனு எனக்குத் தெரியாது. முத்துராஜ்னும் நான் சொல்லல. மாமாதான்னு உங்களுக்கும் தெரியாது."

"சரி சரி, என் முறையைத் திருப்பிப் போடு"ன்னாரு பெரிப்பா.

"நீங்க வித்தீங்களா?"

"இன்னா பேச்சு பேசற? நான் எதுக்கு விக்கறேன்?"

"மூணு நாளா அவரும் அதைத்தான் சொன்னாரு. உங்களை மட்டும் எப்படி நம்பறது?"

ஹரிஹரன் அண்ணன் என்னைக் கைப்புடிச்சு இழுக்காத குறை. நான் நகரல. பேரை அடிக்கறதுக்கு எடுத்த பேனாவைப் பெரிப்பா மூடி வெச்சாரு.

"குப்பா, நீ விக்கல. நாங்கதான் விசாரிக்காம பேசிட்டோம்."

மாமா அத்தனை பேரு முன்னாடி துண்டால மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழுதாரு. அவர் அழுது முடிக்கற வரைக்கும் எல்லாரும் பாக்கட்டும்னு நின்னேன். அப்புறம்தான் பெரிப்பா முறையைத் திருப்பிப் போட்டேன்.